இடுப்போடு நின்ற ஆரத்தி

பசுபதி "அண்ணாமலையே" என்று ஓர் இழுப்பு இழுத்தாரானால், அந்த இழுப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆள் ஒருவன் மலையைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம். வழியில் அடி அண்ணாமலையில் உட்கார்ந்து டீ குடித்தாலும் நேரம் மிச்சமிருக்கும். திரும்பி வந்து பார்த்தால் "லை" இன்னும் வந்திருக்காது. தேரடித் தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த மனிதர் அவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை குடத்தைத் தட்டித் தட்டி ஓசை பார்த்தே பழகிவிட்டதால், தன் குரலையும் தட்டிப் பார்க்காமல் அவரால் வெளியே விட முடியவில்லை.

அந்த இழுப்புக்கு எதிரே, பெண்கள் வரிசையில், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் மங்களாம்பிகை. பஜனைக் கூடத்தில் மற்ற எல்லோருடைய கண்ணும் அண்ணாமலையார் படத்தின் மேல் இருக்க, அவள் கண் மட்டும் வேடியப்பன் கையிலிருந்த சூடத் தட்டின் மேலேயே இருக்கும். சூடம் கொழுந்துவிட்டு எரியும்போது அவள் முகம் மலரும். பசுபதி ஒரு சங்கதி போடுவார், கொழுந்து சற்றுத் தாழும். இன்னொரு சங்கதி போடுவார், இன்னும் தாழும். மூன்றாவது சங்கதிக்கு அவள் கை தானாகவே புடவைத் தலைப்பை முறுக்கத் தொடங்கிவிடும்.

"இன்னிக்கும் இடுப்போட சரி" என்று பக்கத்தில் நிற்கும் பாஞ்சாலையிடம் முணுமுணுப்பாள். பாஞ்சாலைக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. ஆரத்தி இடுப்போடு நின்றால் பொங்கல் சீக்கிரம் வரும்.

விஷயம் இதுதான். அந்தக் கூடத்தில் மார்கழி மாதம் முழுக்க, தெரு பஜனை சுற்றி முடித்து வந்து, பொழுது விடிகிற வேளையில் கடைசியாகப் பாடுவது அடிமுடி ஆரத்தி என்கிற பாட்டு. பாட்டுக்கு ஐந்து அடுக்கு. முதல் அடுக்கு சாமியின் பாதத்துக்கு. தட்டைக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். இரண்டாவது இடுப்புக்கு. மூன்றாவது கைக்கு. நாலாவது முகத்துக்கு. ஐந்தாவது முடிக்கு; தட்டை எட்டிய மட்டும் உயரத் தூக்க வேண்டும். முதல் நாலு அடுக்கிலும் வெறும் புகழ்ச்சி. "மண்ணைத் துளைத்தும் காணாத அடியே, என் வாசல் மண்ணில் பதிந்த அடியே" என்று பாதத்தில் ஆரம்பித்து, இடையின் புலித்தோல், கையின் மழு, முகத்தின் குறுநகை என்று வரிசையாகக் கொண்டாடிக்கொண்டே மேலே ஏறும். கேட்பது என்பது ஐந்தாவது அடுக்கில்தான் வரும்.

"பறந்தும் எட்டாத முடியே, கொஞ்சம் குனிந்து கேள்;
பிரிந்ததைக் கொண்டுவந்து என் வாசலில் சேர்."

அந்த ஒரு இடத்தில், சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே, அவரவர் பிரிந்ததை அவரவர் மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆடு மாடு தொலைத்தவர்கள் ஆடு மாட்டை நினைக்கலாம். கோபித்துக்கொண்டு போன சம்பந்தியை நினைக்கலாம். சூடம் சாம்பல் வைக்காமல் எரிந்து போவதைப் போலக் கேட்பவரும் கொஞ்ச நேரமாவது தன்னை மறந்து கேட்டால் சாமி தலை குனிந்தே ஆகவேண்டும் என்பது அந்தப் பாட்டின் பொருள். குனியாத தலையைக் குனிய வைக்கத்தான் இவ்வளவு புகழ்ச்சியும்.

ஆனால் கூடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டுக்கு ஒரே ஒரு சூடக் கட்டி. எரிகிற தட்டில் மறுபடி போடக் கூடாது. கொழுந்து நகத்தளவுக்குத் தாழ்ந்ததும், ஜனங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமே என்று வேடியப்பன் தட்டைச் சாமி பக்கத்திலிருந்து ஜனங்கள் பக்கம் திருப்பிவிடுவான். அப்படித் திரும்பிய தட்டு மறுபடி சாமி பக்கம் திரும்பாது. பாட்டு எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்கிலேயே முடிந்தது. பசுபதியின் காலத்தில் அது இடுப்பைத் தாண்டி எப்போதாவது ஒரு நாள் கை வரைக்கும் போனதுண்டு. முகத்தைக் கண்டவர் இல்லை.

மங்களாம்பிகைக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே பிள்ளையார் கோயிலில் இதே பாட்டைக் களத்துக்குப் போகிற அவசரத்தில் படபடவென்று பாடி, முடிவரைக்கும் போய், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, விபூதி இட்டுக்கொண்டு நெல் தூற்றப் போய்விடுவார்கள். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபோது, இவ்வளவு பெரிய ஊரில் இந்தப் பாட்டு எவ்வளவு பிரமாதமாக இருக்கும் என்று ஆசையோடு கூடத்துக்கு வந்தாள். வந்த முதல் மார்கழியிலேயே தெரிந்துவிட்டது, இவர்கள் புலித்தோலோடு எழுந்து போகிறவர்கள் என்று.

அப்போது அது அவளுக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. புருஷன் சோமசேகரனுக்குக் குந்தக்கல்லுக்கு மாற்றல் வந்த பிறகுதான் வயிற்றெரிச்சலாக மாறியது. ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. குந்தக்கல்லோ தெலுங்கு தேசத்தில், வெயிலும் கரித்தூளும் மட்டும் விளைகிற இடத்தில் இருந்தது. வீடு கிடைக்கவில்லை, நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தான். கிடைத்திருந்தாலும் அவள் போயிருக்க முடியாது. மாமியார் திரிபுரசுந்தரி, மலை கண்ணில் படாத ஊரில் தனக்குச் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டாள். மாமியாரைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது. ஆக சோமசேகரன் தீபாவளிக்கு ஒரு தரம், லீவு கிடைத்தால் சித்திரையில் ஒரு தரம் வந்தான். வந்து இறங்கும்போது தெலுங்கில் கனவு காண்பான். தமிழ் திரும்பி வருவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும்.

மாற்றல் கேட்டு எழுதாத மனு இல்லை. மேலிடத்தில் எல்லாம் பரிசீலனையில் இருந்தது. பரிசீலனை என்பது குந்தக்கல்லைவிடத் தூரமான ஊர் என்று மங்களாம்பிகைக்கு விளங்கிய பிறகு, அவளுக்கு மிச்சமிருந்தது ஐந்தாவது அடுக்கு ஒன்றுதான். அதையும் பசுபதி அடைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டிலேயே பாடிக் கேட்டுவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. இந்தப் பாட்டைத் தனியாகப் பாடினால் செல்லாது. ஒருவர் சொல்கிற அடியைக் கூடியிருப்பவர்கள் வாங்கிப் பாட வேண்டும். வாங்காத அடி சாமி காதுக்கு ஏறாது என்பது கீழ்பென்னாத்தூரிலும் சரி, இங்கேயும் சரி, ஒன்றுதான். இருந்தாலும் பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் கொல்லையில் மலையைப் பார்த்து நின்றுகொண்டு, சூடத்தைக் கொளுத்தி, ஐந்து அடுக்கையும் பாடிப் பார்த்தாள். வாங்கிப் பாடியது பக்கத்து வீட்டு மாடு ஒன்றுதான். அதுவும் ஸ்ருதி சேரவில்லை.

மாமியார் புழக்கடை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அதென்னாடி கடைசியில ஏதோ பாடினே?" என்று கேட்டாள். ஐந்தாவது அடுக்கு என்றாள் மருமகள். "அது உங்க கீழ்பென்னாத்தூர்ப் பாட்டு. இந்த ஊர்ல யாரு பாடறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள் கிழவி.

ஆகவே வேறு வழியில்லாமல் பசுபதியையே பார்க்கப் போனாள். கடையில் இரண்டு பெரிய அண்டாக்களுக்கு நடுவே மூன்றாவது அண்டாவைப் போல உட்கார்ந்திருந்தார். மங்களாம்பிகை மரியாதையாகத்தான் சொன்னாள். அண்ணன் குரலுக்கு என்ன குறை, கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் சூடம் கேட்க மாட்டேன் என்கிறதே. முதல் அடுக்கில் கொஞ்சம் கம்மி பண்ணிக்கொண்டால் மேலே போகலாமே என்றாள்.

பசுபதி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "ஏம்மா, சாமி பாதத்தைப் பிடிச்சவன் சட்டுனு விட்டுடலாமா? பிரம்மாவே முடியைப் பாக்கலை. உனக்கு இன்னாம்மா அவசரம்?"

"பிரம்மா பொண்டாட்டி அவர் நாக்குலேயே இருக்கா. அவருக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க" என்றாள் மங்களாம்பிகை.

அந்தப் பதில் தெரு முழுக்கச் சுற்றி வந்தது. பசுபதிக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து பாதத்தை முன்னைவிட ஜாஸ்தியாகப் பிடித்துக்கொண்டார். இடுப்பே கிடையாது.

அடுத்த மார்கழிக்குள் அவள் மனம் வேறு திசையில் வேலை செய்தது. பாட்டைக் குறைக்க முடியாவிட்டால் சூடத்தைக் கூட்டலாம் அல்லவா. ஒரே கட்டி என்றுதான் வழக்கம். எவ்வளவு பெரிய கட்டி என்று ஒருவரும் சொல்லவில்லை. தன் உபயம் என்று சொல்லி, தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கட்டியை மெட்ராஸிலிருந்து தருவித்துக் கொண்டுபோய் வேடியப்பனிடம் கொடுத்தாள். வேடியப்பன் ஒன்றுக்கும் வாய் திறக்காத மனிதன், கொடுத்ததைக் கொளுத்தினான். கொளுத்தியதும் கூடத்து விட்டம் வரைக்கும் நெருப்பு எழுந்தது. வெளியே மரத்தில் இருந்த காக்கைகள் கார்த்திகை தீபம் மறுபடி வந்துவிட்டது என்று எண்ணிக் கிரிவலம் கிளம்பியதாகச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் பசுபதியின் ஒரு பக்கத்து மீசை சுருண்டது உண்மை. பித்தளைத் தட்டு காய்ந்து, பிடியும் காய்ந்து, முதல் அடுக்கின் பாதியிலேயே வேடியப்பன் "ஐயோ" என்று தட்டைப் போட்டுவிட்டான். அவன் அந்தக் கூடத்தில் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்குச் சாமிக்குப் பாதமும் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் நெய் விளக்கு. சூடம் என்றால்தானே தீரும், ஐந்து திரி போட்ட அடுக்கு விளக்கில் நெய் வார்த்துக் காட்டினால் எரிந்துகொண்டே இருக்குமே என்று, பாஞ்சாலையையும் இன்னும் இரண்டு பெண்களையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று கெஞ்சி அனுமதி வாங்கினாள். பசுபதி மறுக்காமல் தலையாட்டினார். ஏன் மறுக்கவில்லை என்பது பாட்டு தொடங்கிய பிறகு தெரிந்தது. இத்தனை வருஷமாகச் சூடம் தாழ்கிறதே என்று அந்த மனிதர் தன்னால் ஆன மட்டும் வேகமாகத்தான் பாடியிருக்கிறார். தாழாத விளக்கைக் கண்டதும் அவருக்கு ஆனந்தம் வந்துவிட்டது. "மண்ணை" என்று எடுத்தார். "துளைத்தும்" வருவதற்குள் பால்காரர் வந்து போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து போனார்கள். பொங்கல் ஆறி, கட்டியாகி, கரண்டியை உள்ளே வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. கடை திறக்கிறவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் கூடத்தில் பசுபதியும் வேடியப்பனும் மங்களாம்பிகையும்தான் மிச்சம். வாங்கிப் பாட ஆளில்லாமல் பாட்டு நின்றது. பசுபதிக்கு அதைவிடத் திருப்தியான நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. பாஞ்சாலை ஒரு வாரம் மங்களாம்பிகையோடு பேசவில்லை. ஆறிய பொங்கலை அவள் மன்னிக்கிற ரகம் அல்ல.

அடுத்த தீபாவளிக்கு வந்த சோமசேகரனிடம் இதையெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு, குந்தக்கல்லில் ஒரு பஜனை இருக்கிறது, தெலுங்கில், அவர்கள் வேகமாகத்தான் பாடுகிறார்கள் என்றான். அவளுக்கு அவனைத் திரும்பக் கேட்பதா வேண்டாமா என்றே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. ரயில் ஏறும்போது அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி நகர்ந்த பிறகு, "நீ விட்டுடாதே" என்றான். மனுவைச் சொன்னானா பாட்டைச் சொன்னானா என்று கேட்பதற்குள் புகை மறைத்துவிட்டது.

அந்த வருஷம் கார்த்திகைத் திருவிழாவில் முதல் முறையாகப் பஜனைக்கு மைக் செட் வைத்தார்கள். தன் குரல் தேரடித் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போவதைக் கேட்ட பசுபதி, பத்து நாளும் மைக்கை விட்டு இறங்கவில்லை. மார்கழி பிறந்தபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டியது என்றால் சாதாரணமாக இல்லை. வாயைத் திறந்தால் காலிக் குடத்தை ஊதுவது போல ஒரு காற்று வந்தது. மிளகுக் கஷாயம், சித்தரத்தை, கோயில் விபூதி, ஒன்றுக்கும் அசையவில்லை. மங்களாம்பிகை ஏதோ செய்துவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் செய்யவில்லை. செய்யத் தோன்றவில்லையே என்று அவளுக்கே வருத்தம்தான்.

முதல் சில நாள் ஆளுக்கு ஆள் பாடிப் பார்த்தார்கள். ஒருவர் எடுத்த ஸ்ருதியை அவராலேயே பிடிக்க முடியவில்லை. இன்னொருவர் பாதத்திலிருந்து நேரே கைக்குத் தாவி, அங்கிருந்து மறுபடி பாதத்துக்கு விழுந்தார். கூடத்தில் முகம் சுளிப்பு அதிகமானது. அப்போதுதான் பசுபதியே கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். பக்கத்திலிருந்தவன் காதில் காற்றாக ஏதோ சொன்னார். அவன் எழுந்து அதை எல்லோருக்கும் சொன்னான்: "அந்தம்மா பாடட்டுமாம். அவங்க பாடினா பொங்கலாவது சூடா கெடைக்குமாம்."

சிரிப்பு எழுந்தது. பெண்பிள்ளை முன்னே நின்று எடுத்துக் கொடுப்பதா என்று ஆண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. ஆனால் சூடான பொங்கல் என்ற பேச்சு அதைவிடப் பலமாக இருந்தது. மங்களாம்பிகைக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்னே போய் நின்றாள்.

ஒன்று மட்டும் அவள் எதிர்பாராதது. பாட முடியாத பசுபதி, தட்டையாவது தான் காட்டுவேன் என்று வேடியப்பனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

சூடம் பற்றிக்கொண்டது. அவள் கீழ்பென்னாத்தூர் வேகத்தில் எடுத்தாள். கூட்டம் திடுக்கிட்டு, பிறகு ஓடி வந்து பிடித்துக்கொண்டது. பாதம் முடிந்தது. பசுபதியின் தட்டு பாதத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இடுப்புக்கு வந்தாள், தட்டு பாதத்தில்தான். அவள் கைக்குப் போனபோது தட்டு மனசே இல்லாமல் முழங்காலுக்கு ஏறியது. அந்தக் கையும் குரலைப் போலவே பழகியிருந்தது. வரிசையில் இருந்தவர்களுக்கு எதைப் பார்ப்பது எதைப் பாடுவது என்று தெரியவில்லை. வாய் சாமியின் முகத்தில் குறுநகையைப் பாட, கண் புலித்தோலைப் பார்த்தது. பாடினார்கள், ஆனாலும். பசுபதி பாட வந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் முதல் தடவையாக நாலாவது அடுக்கு முடிந்தது. சூடத்தில் இன்னும் கட்டைவிரல் உயரத்துக்குக் கொழுந்து இருந்தது.

மங்களாம்பிகை மூச்சை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். குந்தக்கல், கரித்தூள், ஜன்னல் கம்பியில் ஒரு கை. "பறந்தும் எட்டாத முடியே, கொஞ்சம் குனிந்து கேள்; பிரிந்ததைக் கொண்டுவந்து என் வாசலில் சேர்" என்று எடுத்துக் கொடுத்தாள்.

ஒருவரும் வாங்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தாள். கூடம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்தது. எப்படி வாங்குவார்கள்? அப்படி ஓர் அடுக்கு இருப்பதாகவே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்கு இருப்பது தெரியும், என்னவென்று தெரியாது. இத்தனை வருஷம் சூடத்தை நினைத்தாள், இழுப்பை நினைத்தாள், இதை நினைக்கவில்லை. இன்னொரு முறை எடுத்தாள். பாஞ்சாலை உதட்டை அசைத்தாள், சத்தம் வரவில்லை. கொழுந்து நகத்தளவுக்கு வந்தது. பசுபதி வழக்கப்படி தட்டை ஜனங்கள் பக்கம் திருப்பத் தொடங்கினார்.

அப்போது பின்னால் தூணோரத்திலிருந்து ஒரு கிழக்குரல் எழுந்தது. "பறந்தும் எட்டாத முடியே" என்று, ஓர் எழுத்து பிசகாமல், அவள் எடுத்த ஸ்ருதியிலேயே, அந்த அடியை முழுசாக வாங்கிப் பாடியது. பாதி திரும்பிய தட்டோடு பசுபதி அப்படியே நின்றார். என்ன தோன்றியதோ, தட்டைச் சட்டென்று தலைக்கு மேலே தூக்கினார். அவர் உயரத்துக்கு அது படத்தின் முடியையும் தாண்டிப் போயிற்று. அங்கே அது அணைந்தது.

மாமியார் திரிபுரசுந்தரி ஒன்றும் நடக்காதது போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொங்கல் வரிசைக்குப் போனாள்.

கூடத்தில் ஒரே தர்க்கம். தட்டு ஜனங்கள் பக்கம் திரும்பியதா இல்லையா; திரும்பியிருந்தால் அந்த அடி செல்லாது; பாதிதானே திரும்பியது; பாதி திரும்பினாலும் திரும்பியதுதான்; ஓர் ஆள் வாங்கினால் போதுமா, கூட்டமாக வாங்க வேண்டாமா. பசுபதிக்குச் சொல்ல நிறைய இருந்தது, குரல் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் மங்களாம்பிகை கேட்டே விட்டாள். "தெரியாதுன்னு சொன்னீங்களே அத்தே."

"எப்ப சொன்னேன்? கீழ்பென்னாத்தூர்ப் பாட்டுன்னேன். உங்க மாமா ரங்கூன் போயி வரலைன்னு நானும் இதே அடியைப் பாடிக் கேட்டேன்டி. அப்ப இந்த பசுபதி ஏது. குடுத்தாரு சாமி. வந்தாரு மனுஷன். வந்து, சாவற வரைக்கும் ஊட்டை உட்டு நகராம ரசத்துல உப்பு கம்மி, புளி ஜாஸ்தின்னு உட்கார்ந்திருந்தாரு. கேக்கறவ யோசிச்சுக் கேக்கணும்னுதான் வாயை மூடிக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் இன்னிக்கு வாங்கினீங்க?"

கிழவி கொஞ்ச தூரம் நடந்தாள். "எனக்கும் அவன் புள்ளதானே" என்றாள்.

மாற்றல் உத்தரவு சித்திரையில் வந்தது. குந்தக்கல்லிலிருந்து காட்பாடிக்கு.

மங்களாம்பிகை, புருஷன் அடித்திருந்த தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருவண்ணாமலை என்று எங்கேயும் இல்லை. காட்பாடி பக்கம்தான், இனி வாராவாரம் வரலாம் என்று சோமசேகரனுக்குப் பரம சந்தோஷம். சனிக்கிழமை ராத்திரி வந்தான், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டான், சாயங்கால வண்டிக்குக் கிளம்பினான். ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு நேரமே இல்லை. மாமியார் சொன்னாள், "நான் அன்னிக்கே நினைச்சேன். அந்த வேகத்துல பாடினா அவன் எறங்க வேண்டிய எடம் வர்றதுக்கு முன்னாடியே எறங்கிடுவான்னு." தட்டு பாதி திரும்பியதற்குப் பாதி வழிதான் கிடைக்கும் என்று கூடத்தில் தீர்ப்பாயிற்று. அதோடு ஊருக்கு இன்னொன்றும் உறைத்தது. பாதி திரும்பிய தட்டுக்கே காட்பாடி என்றால், அந்த அடுக்கில் ஏதோ இருக்கிறது.

ஐந்தாவது அடுக்கைச் சொல்லிக் கொடு என்று ஒவ்வொருவராக வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். பாஞ்சாலைக்குக் கோபித்துக்கொண்டு போன அண்ணன் வேண்டும். ஒருவருக்கு வேட்டவலம் சந்தையில் தொலைந்த காளை வேண்டும். வேடியப்பன் வந்தான், என்ன வேண்டும் என்று சொல்லவில்லை, பாடம் மட்டும் கேட்டுக்கொண்டு போனான். மங்களாம்பிகை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். இனி வாங்க ஆளில்லை என்ற பேச்சே இராது.

மார்கழி வந்தது. பசுபதிக்குக் குரலும் வந்தது. முன்னைவிடத் தெளிவாக வந்தது. முதல் நாள் சூடம் பற்றியதும் "மண்ணை" என்று எடுத்து, வருஷ பாக்கியை எல்லாம் சேர்த்து இழுக்க ஆரம்பித்தார். மங்களாம்பிகை தலைப்பை முறுக்கத் தொடங்குவதற்குள், பின்னாலிருந்து காளையைத் தொலைத்தவர் "துளைத்தும்" என்று முன்னே பாய்ந்தார். பாஞ்சாலை "காணாத அடியே" என்று அவரையும் தாண்டினாள். கூடமே பசுபதியின் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடியது. புலித்தோல் வந்தது தெரியவில்லை, மழு பறந்தது, குறுநகையைச் சாமி முடிக்கவில்லை. ஐந்தாவது அடுக்குக்கு வந்தபோது கொழுந்து சுண்டுவிரல் உயரம் நின்றது. எல்லோரும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் வாங்கினார்கள். காளை, அண்ணன், நகை, சம்பந்தி என்று கூரை பிய்த்துக்கொண்டு போகிற இரைச்சல். மங்களாம்பிகையும் வாயைத் திறந்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இந்தச் சந்தையில் சாமி யாரைக் கண்டுபிடிப்பார் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, அடி முடிகிற வரைக்கும் தொண்டை கிழியக் கத்தினாள். தட்டு திரும்பியது.

பொங்கல் வரிசையில் மாமியார் அவள் பின்னால் வந்து நின்றாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எதுவரைக்கும் கேட்டே?"

"பாட்டுல இருக்கறபடிதான். வாசல் வரைக்கும்."

"வாசல் வரைக்கும்தானா" என்று கிழவி இலையை நீட்டினாள். "அப்ப உள்ள வர்றதுக்கு அடுத்த மார்கழிதான்."